பூஜ்யம் என்றால் எல்லாம் சுகம்

எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்துபோனதே கிடையாது. "அரிசி நெறஞ்சிருக்கு" என்று அம்மா தளிகை உள் என்கிற சமையலறையிலிருந்து குரல் கொடுத்தால், பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்ப வேண்டும் என்று அர்த்தம். விளக்கை அணைக்க மாட்டோம், மலையேற்றுவோம். போகிறேன் என்று சொல்ல மாட்டோம், போய்விட்டு வருகிறேன் என்போம். கும்பகோணத்தில் பெரியப்பா பரமபதித்தபோதுகூட ஃபோனில் "உடம்பு கொஞ்சம் முடியலை, கெளம்பி வாங்கோ" என்றுதான் சொன்னார்கள். அப்பா வழி நெடுக ஆரஞ்சுப் பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு நம்பிக்கையோடு போனார். அந்த மூன்று மணி நேரத்தை அவருக்குக் கொடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

நீங்கள் உட்கார்ந்ததும் கேட்டீர்கள், "ஏன் சார் இத்தனை நாளா உண்மையைச் சொல்லலை?" என்று. அதற்காகத்தான் இதைச் சொன்னேன் இன்ஸ்பெக்டர் மேடம். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. கெட்ட சேதியை மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லத் தெரியாத வீட்டில் வளர்ந்தவன். அவ்வளவுதான் வித்தியாசம்.

என் பெயர் லக்ஷ்மிகாந்த். ஸ்ரீரங்கத்தில் உள்ள ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தில் கம்ப்யூட்டர் விஷயங்களுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. டாக்டர் ராஜகோபாலன் நடத்துகிறார். திருவெறும்பூர், எடமலைப்பட்டி புதூர், உப்பிலியபுரம் என்று கிளைகள் இருக்கின்றன. கிளைகளில் ரத்தம் எடுப்பார்கள், பைக்கில் ஸ்ரீரங்கத்துக்கு வரும், இங்கே உள்ள பெரிய மெஷின் அதைப் படிக்கும், முடிவு கம்ப்யூட்டர் வழியாகக் கிளைக்கே திரும்பிப்போகும். திருவெறும்பூர் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் சம்ரீன். டெங்குக் காய்ச்சலோடு வந்த அனுசுயா என்ற டீச்சருக்கு, திங்கட்கிழமை எடுத்த பழைய ரிப்போர்ட்டையே புதன்கிழமை தேதி போட்டுக் கொடுத்துவிட்டாள் என்று சொல்லி, நீங்கள் அவளைக் காவலில் வைத்திருக்கிறீர்கள். அனுசுயா இறந்துவிட்டாள். சம்ரீன் அப்படிச் செய்யவில்லை. செய்தது நான். எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எனக்கு முன்னால் ஜகன்னாத் என்று ஒருவன் இருந்தான். மகா கெட்டிக்காரன், மகா சோம்பேறி. சிங்கப்பூர் போய்விட்டான். போவதற்கு முன் அவன் எழுதி வைத்த சின்ன புரோகிராம் ஒன்று உண்டு. அதற்குத் 'தூது' என்று பெயர் வைத்திருந்தான். பட்டன், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் ஓடும். மெஷினிடம் போய் எண்களை வாங்கி வந்து கிளையில் ஒப்படைக்கும். ஒப்படைத்துவிட்டு, கடைசியாக ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு ஓய்ந்துபோகும். பூஜ்யம் என்றால் எல்லாம் சுகம். வேறு எந்த எண்ணாக இருந்தாலும் ஏதோ கோளாறு. இது ஜகன்னாத் கண்டுபிடித்ததல்ல, உலகம் பூராவும் இப்படித்தான்.

கிளைகளில் தூதைக் கூப்பிடுவது மனிதர்கள் இல்லை. ஸ்கிரிப்ட் என்போம். இது ஆனதும் இதைச் செய் என்று வரிசையாக எழுதிவைத்த கட்டளைகள். தூதைக் கூப்பிடு, பூஜ்யம் சொன்னதா, ரிப்போர்ட்டை அச்சடி, ஃபோனுக்கு அனுப்பு, அடுத்த ஆளைக் கவனி. பூஜ்யம் சொல்லவில்லையா, அப்படியே நில். ஜகன்னாத் இவற்றைக் கிளைக்குக் கிளை ஒவ்வொரு மாதிரி எழுதியிருந்தான். கரண்ட் அடிக்கடி போகிறதே என்று உப்பிலியபுரத்துக்கு ஒரு விதம், கூட்டம் அதிகமே என்று திருவெறும்பூருக்கு ஒரு விதம். எது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று அவனுக்கே மறந்திருக்கும். நாங்கள் யாரும் அதன் பக்கமே போனதில்லை.

மெஷினால் சில சமயம் ஒரு ரத்தத்தைப் படிக்க முடியாமல் போகும். குழாயைச் சரியாகக் குலுக்காவிட்டாலோ, வழியில் நேரமாகிவிட்டாலோ ரத்தம் கட்டி தட்டிவிடும். அப்போது மெஷின், "முடியவில்லை, மறுபடி எடு" என்று சொல்லும். ஜகன்னாத்தின் தூது அதைக் கேட்டுக்கொண்டு, வாயே திறக்காமல், வெறும் காலி இடத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பூஜ்யம் சொல்லும். ரிப்போர்ட்டில் ஒரு கட்டம் காலியாக இருக்கும். சில நாள் பக்கத்து எண் நகர்ந்துவந்து அதில் உட்கார்ந்துகொள்ளும். எடமலைப்பட்டி புதூரில் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டருக்குச் சர்க்கரை இருக்க வேண்டிய இடத்தில் வயது வந்துவிட்டது. சர்க்கரை எழுபத்தி நாலு என்று சந்தோஷமாக ஜாங்கிரி சாப்பிட்டிருக்கிறார். பிறகு சண்டைக்கு வந்தார்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டு இதைச் சரி பண்ணச் சொன்னார். நான் அம்ருதாவிடம் கொடுத்தேன். புதிதாகச் சேர்ந்த பெண், கை சுத்தமாக வேலை செய்வாள். மெஷின் முடியவில்லை என்று சொன்னால் தூதும் முடியவில்லை என்றே சொல்லும்படி மாற்றினாள். யாருடைய ரத்தம், என்ன காரணம், எல்லாவற்றையும் எழுதிக் காட்டிவிட்டு, பூஜ்யத்துக்குப் பதில் வேறு எண்ணைச் சொல்லும். படிக்கிற பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் பார்க்கிற மாதிரி இருந்தது. நானே பாராட்டினேன்.

அதை ஒரு திங்கட்கிழமை போட்டோம். காலையிலேயே கிளைக்குக் கிளை யாரோ ஒருவருடைய ரத்தம் கட்டி தட்டியிருந்தது. தூது உண்மையைச் சொன்னது. ஸ்கிரிப்டுகள், சொல்லிவைத்தபடி, அப்படியே நின்றுவிட்டன. எல்லாக் கிளைகளிலும். திருவெறும்பூரில் அன்று ஃபேக்டரி ஆட்கள் வருஷாந்திரப் பரிசோதனைக்கு வந்திருந்தார்கள். சம்ரீன் ஃபோனில் அழாத குறை.

"அண்ணா, எல்லாம் நின்னு போச்சுண்ணா. வெறும் வயித்தோட காத்துக் கெடக்குறாங்க. ஒருத்தர் மேஜையத் தட்டுறாரு. நா என்ன சொல்றதுண்ணா?"

டாக்டர் என்னை அவர் அறைக்கு அழைத்தார். அவர் கத்துகிற மனுஷர் இல்லை. நெற்றியில் திருமண் கலையாமல், சன்னமான குரலில் பேசுவார்.

"காந்தா, எத வேணா மாத்திக்கோ. ஆனா எந்த ஸ்கிரிப்டும் நிக்கப்படாது. ஜனங்க வாசல்ல நின்னு கத்தப்படாது. புரியறதோன்னோ?"

அம்ருதா என் மேஜைக்கு வந்து நின்றாள். "சார், அது நின்னது தப்பு இல்ல சார். நிக்கணும்னுதான் நிக்குது. எனக்கு ஒரு மாசம் கொடுங்க, கிளை கிளையாப் போயி ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் மாத்தி எழுதிடறேன். ஒருத்தருக்கு முடியலைன்னா அவரை மட்டும் ஒதுக்கிட்டு மத்தவங்களுக்குப் போற மாதிரி."

நியாயமான யோசனை. இன்று உங்கள் முன் உட்கார்ந்து சொல்லும்போது அது நியாயமான யோசனையாகவே தெரிகிறது. அன்று எனக்கு அதில் தெரிந்ததெல்லாம், ஒரு மாசம் தினமும் ஏதாவது ஒரு கிளையில் யாராவது மேஜையைத் தட்டப்போகிறார்கள் என்பதுதான். "நீ கஷ்டப்பட வேண்டாம்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன். அவளை வெப்சைட் வேலைக்கு மாற்றினேன். முகம் சுருங்கிப்போனாள். கொஞ்ச நாளில் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். நல்ல சம்பளம் என்று கேள்வி.

நான் செய்தது சின்ன மாற்றம். ஸ்கிரிப்டுகளுக்குத் தேவை இரண்டே விஷயம். கட்டம் காலியாக இருக்கக் கூடாது, கடைசியில் பூஜ்யம் வர வேண்டும். இந்த இரண்டையும் கொடுத்துவிட்டால் அவை வருஷக் கணக்கில் முணுமுணுக்காமல் ஓடும். பூஜ்யம் கொடுப்பது சுலபம். காலிக் கட்டத்தில் எதை வைப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். கோடு போட்டுப் பார்த்தேன், உப்பிலியபுரம் நின்றது. சைபர் போட்டுப் பார்த்தேன், எடமலைப்பட்டி புதூரில் ரத்தத்தில் ஒன்றுமே இல்லாத மனிதர் என்று ஃபோனுக்குச் செய்தி போயிற்று. பிறகுதான் தோன்றியது. அந்த ஆளுக்கு முன்னால் பார்த்தபோது என்ன எண் வந்ததோ, அதையே வைத்துவிட்டால் என்ன.

உங்கள் முகத்தைப் பார்க்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். வந்துபோகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நன்றாக இருப்பவர்கள். முந்தா நாள் நன்றாக இருந்தவர் இன்றைக்கும் அநேகமாக நன்றாகத்தான் இருப்பார். நூற்றில் ஒரு ரத்தம் கட்டி தட்டுகிறது. அந்த ஒருவரும் அநேகமாக நன்றாகவே இருப்பவர். நான் எந்த எண்ணையும் கற்பனை செய்யவில்லை. அவரவர் உடம்பு ஏற்கெனவே சொன்ன எண்ணைத்தான் திருப்பிச் சொன்னேன். முதல் தடவை வருகிறவருக்கு? அதையும் யோசித்தேன். பழைய எண் இல்லாவிட்டால், வயதுக்கு ஏற்ற சராசரி.

போட்ட அன்றைக்கு ஒரு கிளைகூட நிற்கவில்லை. அடுத்த நாளும் நிற்கவில்லை. டாக்டர் என் தோளைத் தட்டினார். சம்ரீன் ஃபோன் செய்தாள். "என்ன மாயம் பண்ணீங்கண்ணா, ஒரு தடவகூட நிக்கலையே. இப்பதாண்ணா டீ குடிக்க நேரம் கெடைக்குது" என்றாள். பெருநாளுக்கு எனக்கென்று பேரீச்சம்பழம் வாங்கி, ரத்தம் எடுத்துவரும் பைக்கிலேயே கொடுத்தனுப்பினாள். ஆபீசில் யாரும் என்னை அப்படி நினைவு வைத்து எதுவும் கொடுத்ததில்லை. சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

உண்மையை நான் ஒழித்துவிடவும் இல்லை. தூதைக் கூப்பிடும்போது கூடவே 'மெய்' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துத் தட்டினால், அம்ருதா எழுதிய மாதிரியே எல்லாவற்றையும் சொல்லிவிடும். யாருடைய ரத்தம் கட்டி தட்டியது, யாருக்கு மறுபடி எடுக்க வேண்டும், எல்லாம். பழைய ஸ்கிரிப்டுகளுக்குப் பழைய மரியாதை, உண்மை வேண்டுகிறவர்களுக்கு உண்மை. எங்கள் தொழிலில் இதை நல்ல பழக்கம் என்றுதான் சொல்வார்கள். அப்படி ஒரு வார்த்தை இருப்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்ததும் காய்ச்சல் கூட்டம் ஆரம்பித்தது. அனுசுயா திருவெறும்பூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். சொந்த ஊர் உப்பிலியபுரம். திங்கட்கிழமை ரத்தம் கொடுத்தாள். டெங்கு என்று வந்தது. பிளேட்லெட், அதாவது தட்டணு எண்ணிக்கை ஒன்றரை லட்சத்துக்கு மேல், பயமில்லை. அது மெஷின் படித்த நிஜ எண். புதன்கிழமை மறுபடி பார்க்கச் சொல்லியிருந்தார் அவளுடைய டாக்டர். புதன்கிழமை மழை கொட்டியது. காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. பைக் பையன் ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டான். குழாய்கள் வந்து சேரும்போது சிலவற்றில் ரத்தம் கட்டி தட்டியிருந்தது. மெஷின் முடியவில்லை என்றது. தூது பூஜ்யம் என்றது. சம்ரீனின் கம்ப்யூட்டர் அனுசுயாவுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் என்று அச்சடித்தது. அவளுடைய டாக்டர் அதை ஃபோனில் பார்த்துவிட்டு, இளநீர் குடிங்க, ரெஸ்ட் எடுங்க, சனிக்கிழமை வாங்க என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஈறிலும் மூக்கிலும் ரத்தம் வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாள்.

அவளுடைய அப்பா ராசப்பன் காரியம் முடிந்த பிறகு ஆய்வகத்துக்கு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டாமல், இரண்டு ரிப்போர்ட்டையும் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். கூட ஆள் கூட்டிவரவில்லை. சண்டை போடவில்லை. டாக்டர் என்னை விளக்கச் சொல்லி அனுப்பினார்.

"நீங்க படிச்சவங்க. எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க சார். திங்கக்கெழமையும் இதே நம்பரு, பொதங்கெழமையும் இதே நம்பரு. ரத்தம் அப்படியே நிக்குமா?"

"சில பேருக்கு நிக்கும்" என்றேன்.

தலையை ஆட்டினார். "அப்ப அவளுக்கு நின்னுதான் இருந்துச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எழுந்து நின்று, "வரேங்க" என்று கும்பிட்டுவிட்டு மழையில் இறங்கிப் போனார். குடைகூட இல்லை. பின்னாலேயே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். திரும்பி என் நாற்காலிக்குப் போனேன். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் என்னைக் கல்நெஞ்சன் என்று எழுதிவிடக் கூடாது.

அவருடைய மருமகன், அனுசுயாவின் கணவர், விடவில்லை. உங்களிடம் வந்தார். இரண்டு ரிப்போர்ட்டும் கடைசி எண் வரை ஒன்றாக இருப்பதைப் பார்த்ததும், சம்ரீன் பழையதையே மறுபடி அச்சடித்திருக்கிறாள் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். ரத்தத்தை அனுப்பாமலே தூக்கிப் போட்டுவிட்டாள் என்றுகூடப் பேசினார்கள். நீங்கள் எங்கள் ஆய்வகத்திடம் எழுத்தில் விளக்கம் கேட்டீர்கள். நான்தான் எழுதினேன். 'அன்றைய தினம் தூது பூஜ்யம் என்று முடிந்திருக்கிறது; ஆகவே கம்ப்யூட்டர் தரப்பில் கோளாறு ஏதும் பதிவாகவில்லை' என்று. ஒவ்வொரு வார்த்தையும் சரியானது. வேண்டுமானால் இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.

அதை வைத்துச் சம்ரீனைக் கூட்டிக்கொண்டு போவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேனா என்று கேட்டால், தெரியவில்லை.

அவளுடைய அம்மா சாரா பீவி என்னைத் தேடி ஆபீசுக்கு வந்தார். மகள் அடிக்கடி என் பெயரைச் சொல்வாளாம். வாசலிலேயே நின்றார், உள்ளே வாங்கம்மா என்று இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் வந்தார்.

"தம்பி, எம்புள்ள மாத்திக் குடுக்குற புள்ள இல்ல. நோம்போட வந்து வேலை பாத்தவ. கம்ப்யூட்டருக்குள்ள எல்லாம் பதிவாகும்னு சொல்றாங்களே. நீங்க பாத்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? அண்ணா பாத்துக்குவாருன்னே சொல்லிக்கிட்டிருக்கா தம்பி உள்ள."

"பாக்கறேம்மா" என்றேன்.

"அல்லா உங்க புள்ளகுட்டிகள நல்லா வைக்கட்டும்" என்றார். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

பார்த்தேன். பார்ப்பதற்கு எதுவும் இல்லை, எனக்குத் தெரியாததா. தூதின் உள்ளே ஒரே ஒரு வார்த்தையை மாற்றினால் போதும், கேட்காமலே உண்மையைச் சொல்ல ஆரம்பித்துவிடும். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே செய்திருக்கலாம். செய்திருந்தால், மாற்றுவதற்கு அங்கே ஏதோ இருந்தது என்று ஆகியிருக்கும். அதனால் விட்டுவிட்டேன். இன்று காலையிலும் அப்படியேதான் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போக ஆள் அனுப்பப்போவதாகச் சொன்னீர்கள். வாரக் கடைசியில் எடுத்துக்கொண்டால் உபகாரமாக இருக்கும். காய்ச்சல் சீசன் மேடம், பாதியில் நின்றால் ஜனங்கள் தவித்துப்போவார்கள்.

சம்ரீனை நீங்கள் விட்டுவிடலாம். விட்டாலும் அவளுக்கு இனி எந்த ஆய்வகத்திலும் வேலை கிடைக்காது, பேப்பரில் போட்டோ வந்துவிட்டது. ராசப்பனிடம் யாராவது போய்ச் சொல்லத்தான் வேண்டும், ரத்தம் அப்படி நிற்காது என்று. அது நானாக இருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் இப்போது அந்தக் காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தீர்கள். எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து உங்கள் ஆட்கள் முன்பே அச்சடித்து எடுத்தது. அனுசுயா இரண்டாவது தடவை ரத்தம் கொடுத்த அதே புதன்கிழமை சாயங்காலம், என் பெயரில் யாரோ தூதை 'மெய்' சேர்த்து ஓட்டியிருக்கிறார்கள். வருஷம் பூராவும் அந்த ஒரே ஒரு தடவை. ஏன் என்று கேட்கிறீர்கள். இதைத் தவிர எல்லாவற்றையும் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம் என்றுதான் வந்தேன்.

என் மனைவி ஹம்ஸாவுக்கும் அந்த வாரம் காய்ச்சல். எங்கள் ஆய்வகத்திலிருந்துதான் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப்போனார்கள். சாயங்காலம் ரிப்போர்ட் ஃபோனுக்கு வந்தது. எண்ணிக்கை நன்றாக இருந்தது. அவள் என்னிடம் காட்டி, "பெருமாள் புண்ணியத்துல ஒண்ணுமில்லே" என்று சிரித்தாள். நன்றாக இருக்கிறது என்று வரும் ரிப்போர்ட்டை நம்ப முடியாத ஒரே ஆள் இந்த ஊரில் நான்தான். ஆபீசுக்குப் போய் அந்த வார்த்தையைச் சேர்த்துத் தட்டினேன். மறுபடி ரத்தம் எடுக்க வேண்டியவர்கள் என்று சில பெயர்கள் வந்தன. ஹம்ஸாவின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே அனுசுயா, திருவெறும்பூர் என்று இருந்தது. பக்கத்திலேயே அவளுடைய ஃபோன் நம்பர்.

ஹம்ஸாவை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இருபதாயிரத்துக்கும் கீழே. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று அந்த டாக்டர் ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். உடனே சேர்த்துக்கொண்டார்கள். பிழைத்துவிட்டாள். இப்போது நன்றாக இருக்கிறாள்.

ஆட்டோவில் போகும்போது ஃபோன் என் கையில்தான் இருந்தது. அனுசுயாவைக் கூப்பிட்டால், ரிப்போர்ட் நல்லா வந்திருக்கே சார் என்பாள். அப்புறம் அது எப்படி வந்தது என்று கேட்பாள். ஒருத்திக்குச் சொன்னால் மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் சொன்னால் காலையில் எல்லாக் கிளையும் நிற்கும். ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ரத்தம் கட்டிப்போய்விட்டதாம், அதனால்தான் மறுபடி எடுத்தார்கள், இன்னும் சில பேருக்கும் இப்படி ஆகியிருக்கிறது என்று மட்டும் ஹம்ஸாவிடம் சொல்லியிருந்தேன். வார்டில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"மத்தவாளுக்கெல்லாம் சொல்லியாச்சா?" என்று கேட்டாள்.

"ஆச்சு" என்றேன்.

நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள். அனுசுயாவும் அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன் மேடம். அவளுக்கும் ரிப்போர்ட் நன்றாகத்தானே வந்திருந்தது.